ஜாங்கோ பதிப்பை உயர்த்தும்போது எது உடைகிறது, ஏன், எப்படிச் சரிசெய்வது

பைத்தானில் வலைத்தளம் கட்டும் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட் ஒன்று 2.2-இலோ 3.2-இலோ நின்றுவிட்டது. அதை 4.2-க்கோ 5.2-க்கோ கொண்டுபோக வேண்டும். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, என்ன கோளாறு வருகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த மூன்று பத்திகளை எல்லோரும் படித்துவிடுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பலவற்றுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஜாங்கோவின் பதிப்பு எண்ணுக்கு 2.0 முதல் ஓர் ஒழுங்கு உண்டு. ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு: டிசம்பரில் .0, அடுத்த ஆகஸ்டில் .1, அதற்கடுத்த ஏப்ரலில் .2. இந்த .2 தான் எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. மூன்று வருடம் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் இதற்குத்தான் கிடைக்கும். 2.2 வந்தது 2019 ஏப்ரலில், ஆதரவு முடிந்தது 2022 ஏப்ரலில். 3.2-க்கு 2021 முதல் 2024 வரை, 4.2-க்கு 2023 முதல் 2026 வரை, 5.2-க்கு 2025 முதல் 2028 வரை, எல்லாமே ஏப்ரல் கணக்கு.

ஒரு வசதியைக் கைவிடுவது என்று முடிவானால் ஜாங்கோ அதை உடனே வெட்டுவதில்லை, முதலில் எச்சரிக்கை தரும். 4.0-இலோ 4.1-இலோ எச்சரிக்கை தொடங்கினால் 5.0-இல் அந்த வசதி போய்விடும். 4.2-இல் தொடங்கினால் 5.1-இல் போகும். கடைசியாக அறிவித்த விஷயத்துக்கும் குறைந்தது இரண்டு பதிப்பு அவகாசம் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இந்த விதிப்படி 5.2-இல் நீக்குவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. அப்படியானால், 4.2-இல் இருக்கும்போதே எல்லா எச்சரிக்கைகளையும் தீர்த்துவிட்டவருக்கு 5.2 வரை நீக்கங்களால் எதுவும் உடையக் கூடாது. எல்டிஎஸ்ஸிலிருந்து எல்டிஎஸ்ஸுக்குத் தாவலாம் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். எச்சரிக்கையைத் தீர்க்காமல் தாவினால், இரண்டு பதிப்புகளின் நீக்கங்கள் ஒரே நாளில் தலையில் விழும்.

பாதை என்று கேட்டால் நான் சொல்வது இது. 2.2-இல் இருப்பவர் முதலில் பைத்தானை 3.9-க்குக் கொண்டுவரட்டும் (2.2-இன் கடைசித் திருத்தப் பதிப்புகள் 3.9-இல் ஓடும்). அதே பைத்தானில் 3.2, பிறகு 4.2. அங்கே நின்று பைத்தானை 3.12-க்கு மாற்ற வேண்டும். அப்புறம் 5.2. பைத்தான் 3.10-இலேயே 5.2 வரை போய்விடலாம்தான். ஆனால் ஜாங்கோ 6.0-க்கு 3.12 கட்டாயம், ஆகவே அந்த வேலையை 4.2-இலேயே முடித்துவிடுவது நல்லது. பைத்தானையும் ஜாங்கோவையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். உடைந்தால் எதனால் உடைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். ஒவ்வொரு படியையும் தனியாக டெப்ளாய் செய்து, நிஜ சர்வரில் சில நாள் ஓடவிட்டு, பிறகு அடுத்த படி.

## பிப் நிறுவவே மறுக்கிறது

ஜாங்கோ எண்ணை மாற்றி நிறுவச் சொன்னால், தீர்வு காண முடியவில்லை என்று பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) நீளமாக ஒரு செய்தியைக் கொட்டுகிறது. ஏதோ ஒரு வெளிப் பேக்கேஜ் பழைய ஜாங்கோவைத்தான் கேட்கிறது என்று அர்த்தம். செய்தியின் நடுப்பகுதியிலேயே அந்தப் பேக்கேஜின் பெயர் இருக்கும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, சார்புகளைப் பார்க்காதே என்று பிப்புக்குச் சொல்லி வலுக்கட்டாயமாக நிறுவிவிடுவது. அது வேண்டாம். பேக்கேஜின் பக்கத்தில் எந்தெந்த ஜாங்கோ பதிப்புகளை ஆதரிக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். நீங்கள் இப்போது இருக்கும் ஜாங்கோ, போகப்போகும் ஜாங்கோ இரண்டையும் ஆதரிக்கும் ஒரு வெளியீடு பெரும்பாலும் கிடைக்கும். ஜாங்கோவைத் தொடாமல் முதலில் பேக்கேஜை அந்த வெளியீட்டுக்கு உயர்த்தி டெப்ளாய் செய்துவிடுங்கள். ஜாங்கோ உயர்வு அதன் பிறகு.

பராமரிப்பே நின்றுபோன பேக்கேஜ் என்றால் மாற்று தேடுவதைத் தவிர வழியில்லை. ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கோடு பலரும் பயன்படுத்திய பழைய ஜேடபிள்யூடி பேக்கேஜ் இதற்கு நல்ல உதாரணம். அது கைவிடப்பட்டு நாளாகிறது, அதன் இடத்தை சிம்பிள் ஜேடபிள்யூடி எடுத்துக்கொண்டது. இப்படி மாற்றுவது தனி வேலை. பதிப்பு உயர்த்தும் பிரான்ச்சோடு அதைக் கலக்காதீர்கள்.

## சர்வர் எழும்பவே இல்லை, இம்போர்ட் பிழை

டிரேஸ்பேக்கின் கடைசி இரண்டு மூன்று வரிகளைப் பாருங்கள். கோப்பின் பாதை உங்கள் ப்ராஜெக்டுக்குள் இருக்கிறதா, சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் இருக்கிறதா? உள்ளே இருந்தால் நீங்கள் திருத்த வேண்டியது. சைட்-பேக்கேஜஸில் வெளிப் பேக்கேஜ் ஒன்றின் கோப்பாக இருந்தால் அந்தப் பேக்கேஜை உயர்த்த வேண்டியது, அங்கே போய்க் கையால் திருத்தக் கூடாது.

டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை என்று வந்தால், ஜாங்கோ 3.2-ஐ பைத்தான் 3.12-இல் ஓட்டப் பார்க்கிறீர்கள். 3.12-இல் அந்த மாட்யூலை எடுத்துவிட்டார்கள், ஜாங்கோ 3.2-க்கு அது வேண்டும். சிஜிஐ மாட்யூல் இல்லை என்று வந்தால் பைத்தான் 3.13-இல் 4.2-க்கு முந்திய ஜாங்கோ ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து: பைத்தானைக் கீழே இறக்கி, மேலே சொன்ன வரிசையில் ஏறுங்கள். செட்டப்டூல்ஸை நிறுவினால் முதல் பிழை மறைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். மறையும்தான். ஆனால் ஆதரவில்லாத ஜோடியில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்.

4.0-க்கு வந்ததும் 'யூஆர்எல்' என்ற பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை என்பது எல்லோரும் பார்க்கும் பிழை. 3.1-இல் எச்சரித்து 4.0-இல் எடுத்ததுதான் அது. அதே ரெகுலர் எக்ஸ்பிரஷனை 'ரீ-பாத்' என்ற ஃபங்ஷன் அப்படியே ஏற்கும், பெயரை மாற்றினால் போதும். 'யூ-கெட்டெக்ஸ்ட்' வகையறாக்களில் முன்னால் இருக்கும் யூவை எடுத்துவிடுங்கள். 'ஃபோர்ஸ்-டெக்ஸ்ட்' இப்போது 'ஃபோர்ஸ்-எஸ்டிஆர்'. டெம்ப்ளேட்டில் 'இஃப்-ஈக்வல்' டேக் இருந்தால் சாதாரண 'இஃப்' டேக்காக மாற்ற வேண்டும். இது மட்டும் சர்வர் எழும்போது தெரியாது, அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதுதான் வெடிக்கும். அதனால் டெம்ப்ளேட் ஃபோல்டர் முழுவதையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

இந்த மாதிரி பெயர் மாற்றங்களைக் கையால் செய்ய வேண்டிய அவசியமில்லை. 'ஜாங்கோ-அப்கிரேட்' என்று ஒரு கருவி இருக்கிறது. எந்தப் பதிப்புக்குப் போகிறோம் என்று சொன்னால் பைத்தான் கோப்புகளில் இருக்கும் பெரும்பாலானவற்றைத் தானே மாற்றித்தரும். மாற்றியதை கிட்டில் வரிவரியாகப் பார்த்துவிட்டு கமிட் செய்யுங்கள். டெம்ப்ளேட் கோப்புகள் அதன் வேலையல்ல, அவை உங்கள் பொறுப்பு.

## எச்சரிக்கை எதுவும் வரவில்லை, ஆனாலும் அடுத்த பதிப்பில் உடைகிறது

எச்சரிக்கை வந்திருக்கும், பைத்தான் அதைக் காட்டியிருக்காது. கைவிடல் எச்சரிக்கைகளை பைத்தான் இயல்பாகவே மறைத்துவிடும். டெஸ்டை ஓட்டும்போது 'பைத்தான்' என்ற சொல்லுக்கும் மேனேஜ் கோப்புக்கும் நடுவில் ஹைஃபன், பெரிய டபிள்யூ, சின்ன ஏ ஆகிய மூன்றையும் இடைவெளி இல்லாமல் போடுங்கள். அதுவரை ஒன்றுமில்லை என்று இருந்த ப்ராஜெக்டில் திரை நிறைய எச்சரிக்கைகள் ஓடும்.

அதில் ஜாங்கோவின் எச்சரிக்கைகளை அடையாளம் காண்பது எளிது. எச்சரிக்கையின் பெயரிலேயே, எந்தப் பதிப்பில் நீக்கப்படும் என்று இருக்கும். 4.2-இல் ஓட்டினால் இரண்டு வகை தெரியும்: பெயரில் 50 உள்ளவை, 51 உள்ளவை. 50 உள்ளவற்றை முதலில் முடியுங்கள். 51 உள்ளவற்றை 'இன்னும் நாளிருக்கிறது' என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. 5.0, 5.1 இரண்டையும் தாண்டி நேராக 5.2-க்குப் போகிறவருக்கு இரண்டுமே ஒன்றுதான்.

எல்லாவற்றையும் தீர்த்த பிறகு, இந்த எச்சரிக்கைகள் வந்தால் டெஸ்ட் தோற்க வேண்டும் என்று சிஐ அமைப்பில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டைத் தானாக ஓட்டும் அமைப்பு) போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமே யாராவது பழைய பழக்கத்தில் ஒரு வரி எழுதுவார்கள்.

டெஸ்டே இல்லாத ப்ராஜெக்ட் என்றால்? அப்படியும் நிறைய இருக்கின்றன, அதற்காக உயர்வை ஒத்திப்போடக் கூடாது. டெவலப்மென்ட் சர்வரை, மேலே சொன்ன ஹைஃபன்-டபிள்யூ-ஏ என்ற அதே கொடியோடு (கட்டளையோடு சேர்க்கும் விருப்பக் குறி) ஓட்டி, லாகின், பட்டியல் பக்கம், ஃபார்ம் சமர்ப்பிப்பு, அட்மின், ரிப்போர்ட் இறக்கம் என்று முக்கியமான பாதைகளை ஒருவர் உட்கார்ந்து கிளிக் செய்தால் கணிசமான எச்சரிக்கைகள் வெளியே வரும். ஒவ்வொரு யூஆர்எல்லையும் திறந்து 200 வருகிறதா என்று மட்டும் பார்க்கும் ஒரு சின்ன டெஸ்டை எழுதிவைத்தால் இன்னும் நல்லது. இந்த உயர்வுக்கு மிகப் பெரிய உதவி அந்தச் சின்ன டெஸ்ட்தான்.

ஒன்றை நினைவில் வையுங்கள். எச்சரிக்கை என்பது பெரும்பாலும் நீக்கப்படும் வசதிகளுக்குத்தான். நடத்தை மாறும் விஷயங்கள் எச்சரிக்கை இல்லாமலேயே வரக்கூடும். அவை வெளியீட்டுக் குறிப்பில் பின்னிணக்கம் இல்லாத மாற்றங்கள் என்ற தனிப் பகுதியில் இருக்கும். புது வசதிகளின் பட்டியலை விட்டுவிட்டாலும் அந்தப் பகுதியை இடையில் உள்ள ஒவ்வொரு பதிப்புக்கும் படித்தே ஆக வேண்டும். கீழே வரும் 403 பிழை அப்படிப்பட்டதுதான்.

## மைக்ரேஷன் என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் 'நோட் கிடைக்கவில்லை' என்கிறது

மைக்ரேஷன் என்பது மாடலில் செய்த மாற்றத்தை டேட்டாபேஸில் ஏற்றும் கோப்பு. இந்தக் கோளாறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 3.2-க்கு வருபவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான்.

3.2-இல் 'டிஃபால்ட் ஆட்டோ ஃபீல்ட்' என்று ஒரு செட்டிங் புதிதாக வந்தது. மாடலில் பிரைமரி கீயை நாம் எழுதாவிட்டால் ஜாங்கோ தானே ஒரு ஐடி காலம் (டேபிளின் நெடுவரிசை) போடும் அல்லவா, அது எந்த வகை என்பதைச் சொல்லும் செட்டிங். அதை எழுதாமல் விட்டால் ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை அடக்க, கிடைத்த பதிலைப் பார்த்து 'பிக் ஆட்டோ ஃபீல்ட்' என்று போட்டுவிடுகிறார்கள். எச்சரிக்கை போய்விடும். அடுத்து மேக்மைக்ரேஷன்ஸ் ஓட்டும்போதுதான் வினை ஆரம்பம்.

அந்தக் கட்டளை உங்கள் ஆப்களுக்கு மட்டும் மைக்ரேஷன் எழுதுவதில்லை. தனக்கென்று ஐடி வகையைக் குறிப்பிடாத வெளிப் பேக்கேஜ் ஏதாவது இருந்தால் அதற்கும் சேர்த்து எழுதும். அந்தக் கோப்பு எங்கே போய் உட்காரும்? உங்கள் கணினியின் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள், சைட்-பேக்கேஜஸில், அந்தப் பேக்கேஜின் மைக்ரேஷன் ஃபோல்டரில். அது கிட்டில் ஏறாது, சர்வருக்குப் போகாது. ஆனால் அதன் பிறகு நீங்கள் உங்கள் ஆப்பில், அந்தப் பேக்கேஜின் மாடலுக்கு ஒரு ஃபாரின் கீ வைத்து மைக்ரேஷன் எழுதினால், சார்புப் பட்டியலில் அந்த ஒளிந்திருக்கும் கோப்பின் பெயர் வந்துவிடும். உங்கள் கணினியில் கோப்பு இருக்கிறது, ஓடும். சர்வரில் கோப்பு இல்லை, நிற்கும். இன்னொரு விதமாகவும் வரலாம். அந்தப் பேக்கேஜின் அடுத்த வெளியீடு தன் சொந்த 0005-ஐக் கொண்டுவரும், உங்கள் கணினியில் ஏற்கெனவே இன்னொரு 0005 இருக்கும். மைக்ரேஷன் மரத்தில் இரண்டு நுனிகள் இருக்கின்றன என்று ஜாங்கோ புகார் சொல்லும். மெர்ஜ் செய்யவா என்று கேட்கும்போது சரி என்று சொல்லிவிடாதீர்கள், அந்த மெர்ஜ் கோப்பும் சைட்-பேக்கேஜஸுக்குள்தான் போகும்.

சரிசெய்யும் முறை: செட்டிங்கை பழைய 'ஆட்டோ ஃபீல்ட்' என்றே வெளிப்படையாக எழுதுங்கள். எச்சரிக்கையும் போகும், மைக்ரேஷனும் பிறக்காது. விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை முழுதாக அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். உங்கள் ஆப்பின் மைக்ரேஷனில் அந்த இல்லாத கோப்பைச் சுட்டும் சார்பு வரியை, பேக்கேஜ் உண்மையில் தரும் கடைசி மைக்ரேஷனுக்கு மாற்றுங்கள். பிறகு மேக்மைக்ரேஷன்ஸை 'செக்' கொடியோடு ஓட்டினால் மாற்றம் எதுவும் இல்லை என்று வர வேண்டும். இந்த 'செக்' ஓட்டத்தையும் சிஐயில் சேர்த்துவிடுங்கள்.

டேட்டாபேஸிலும் அந்த மைக்ரேஷன் ஏறிவிட்டதென்றால், கோப்பை அழிக்கும் முன், அந்த ஆப்பை முந்திய எண்ணுக்கு மைக்ரேட் செய்து பின்னே கொண்டுவாருங்கள். பெரிய டேபிளாக இருந்தால் காலத்தின் வகை மாறும்வரை டேபிள் பூட்டப்படும். போக்குவரத்து குறைந்த நேரத்தில் செய்யுங்கள்.

பிக் ஆட்டோ ஃபீல்டுக்கு மாறவே கூடாது என்று சொல்லவில்லை. அது நல்ல மாற்றம்தான், ஆனால் தனி வேலை, ஆப் ஆப்பாகச் செய்ய வேண்டியது. செட்டிங்கை எழுதாமலேயே இருந்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 6.0-இல் எழுதாதவர்களுக்கு இயல்பு மதிப்பே பிக் ஆட்டோ ஃபீல்டாக மாறிவிட்டது. இப்போது ஒரு வரி எழுதிவைத்தால் அன்றைக்கு இதே சிக்கல் திரும்ப வராது.

## லாகின் ஃபார்மை அனுப்பினால் 403

3.2-இல் சரியாக இருந்தது, 4.0-க்கு மேல் வந்ததும் எல்லா ஃபார்மும் சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளம் பயனாளர் பெயரில் ஃபார்ம் அனுப்புவதைத் தடுக்கும் பாதுகாப்பு) பிழை காட்டுகிறது, ஆரிஜின் பொருந்தவில்லை என்கிறது. உங்கள் கணினியில் வராது, சர்வரில் மட்டும் வரும்.

4.0 முதல் பிரவுசர் அனுப்பும் ஆரிஜின் ஹெடரையும் (ஃபார்ம் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று சொல்வது) ஜாங்கோ சரிபார்க்கிறது. என்ஜின்எக்ஸ் போன்ற ஒன்று முன்னால் நின்று எச்டிடிபிஎஸ்ஸை அவிழ்த்து, உள்ளே ஜாங்கோவுக்குச் சாதாரண எச்டிடிபியாகத் தருகிறது. பிரவுசர் சொல்வது எச்டிடிபிஎஸ், ஜாங்கோ பார்ப்பது எச்டிடிபி. இரண்டும் பொருந்தவில்லை.

இரண்டு இடத்தில் பாருங்கள். வெளியிலிருந்து வந்தது எச்டிடிபிஎஸ்தான் என்று ப்ராக்ஸி ஒரு ஹெடரில் சொல்ல வேண்டும், அந்த ஹெடரை நம்பும்படி 'செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர்' செட்டிங்கை வைக்க வேண்டும். ப்ராக்ஸி அந்த ஹெடரைத் தானே எழுதுகிறது, வெளியாள் அனுப்பியதை அப்படியே கடத்தவில்லை என்று உறுதி செய்த பிறகே இதைச் செய்யுங்கள். அடுத்து 'சிஎஸ்ஆர்எஃப் டிரஸ்டட் ஆரிஜின்ஸ்' பட்டியல். 4.0-க்கு முன் வெறும் டொமைன் பெயர் போதும், இப்போது முன்னால் எச்டிடிபிஎஸ் என்ற பகுதியும் சேர்ந்தே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் சிஸ்டம் செக்கே பிழை காட்டும்.

சிஎஸ்ஆர்எஃப் விலக்கு டெக்கரேட்டரை வியூவுக்கு மேல் ஒட்டிப் பிழையை மறைப்பது தீர்வே அல்ல. லாகின் ஃபார்முக்கு அதைச் செய்வது கதவைத் திறந்துவைப்பதுதான்.

## டெப்ளாய் ஆன அன்று எல்லோரும் லாக் அவுட் ஆகிவிட்டார்கள்

2.2-இலிருந்து நேராக 4.2-க்குத் தாவியிருப்பீர்கள். செஷனை எழுதிவைக்கும் வடிவம் 3.1-இல் மாறியது. 3.1-உம் 3.2-உம் பழைய வடிவத்தையும் படிக்கும். 4.0 படிக்காது. அதனால் பழைய செஷன்கள் எல்லாம் ஒரே நொடியில் செல்லாமல் போகும், ஏற்கெனவே மெயிலில் போன பாஸ்வேர்ட் மீட்பு இணைப்புகளும் சேர்த்து.

3.2-இல் தங்கிப் போகச் சொல்வதற்கு இது முக்கியக் காரணம். செஷனின் இயல்பு ஆயுள் இரண்டு வாரம். 3.2-ஐ நிஜ சர்வரில் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடவிட்டால் பழைய வடிவச் செஷன்கள் தாமாகவே காலாவதியாகிவிடும். பயனாளர்களுக்கு எதுவும் தெரியாது. செஷன் ஆயுளைக் கூட்டி வைத்திருந்தாலோ, ஒவ்வொரு ரெக்வெஸ்டிலும் செஷனைச் சேமிக்கும்படி வைத்திருந்தாலோ இந்த இரண்டு வாரக் கணக்கு செல்லாது. அப்போது ஒருமுறை எல்லோரும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது மரியாதை.

2.2-உம் 3.2-உம் சில மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடப்போகின்றன என்றால் 'டிஃபால்ட் ஹாஷிங் அல்காரிதம்' செட்டிங்கை 'ஷா1' என்று வையுங்கள். 3.2-உம் பழைய வடிவத்திலேயே எழுதும், இரு பக்கமும் ஒன்றை ஒன்று படிக்கும். எல்லா சர்வரும் 3.2-க்கு வந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இரண்டு வாரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

## லாக் அவுட் இணைப்பை அழுத்தினால் 405

5.0-இல் லாக் அவுட்டை கெட் முறையில் செய்ய முடியாது. 4.1-இலேயே எச்சரித்தார்கள். இணைப்பை எடுத்துவிட்டு, சிஎஸ்ஆர்எஃப் டோக்கனோடு போஸ்ட் செய்யும் சின்ன ஃபார்மாக மாற்றுங்கள், பட்டனுக்கு இணைப்பைப் போன்ற சிஎஸ்எஸ் கொடுத்தால் தோற்றம் மாறாது. அட்மினின் அடிப்படை டெம்ப்ளேட்டை நகலெடுத்து மாற்றி வைத்திருந்தால் அதிலும் பழைய இணைப்பு இருக்கும், பாருங்கள்.

## தேதிகள் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டுகின்றன

இந்திய நேரத்தில் ஓடும் ப்ராஜெக்ட்களில் வரும் கோளாறு. 'யூஸ் டிஇசட்' செட்டிங்கை எழுதாமல் விட்டவர்களுக்கு அதன் இயல்பு மதிப்பு 5.0-இல் பொய்யிலிருந்து மெய்யாக மாறியது. ப்ராஜெக்ட் தொடங்கும்போதே ஜாங்கோ இந்த வரியைச் செட்டிங்ஸில் எழுதித்தரும், அதனால் பலருக்கு இது வராது. மிகப் பழைய ப்ராஜெக்ட், அல்லது யாரோ அந்த வரியை நீக்கிய ப்ராஜெக்ட் என்றால் வரும்.

போஸ்ட்கிரெஸ் என்றால் தப்பித்தீர்கள். அதில் நேரம் மண்டலத்தோடு சேர்ந்தே சேமிக்கப்படுகிறது, செட்டிங்கை மாற்றினாலும் தரவு கெடாது. மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் இரண்டிலும் அப்படியில்லை. அங்கே இந்திய நேரம் மண்டலம் இல்லாமல் வெறும் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. செட்டிங் மெய்யானதும் ஜாங்கோ அதை யூடிசி என்று எடுத்துக்கொண்டு, காட்டும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். இதற்குள் புதிதாகச் சேர்ந்த பதிவுகள் உண்மையான யூடிசியில் இருக்கும். டேபிளின் ஒரே நெடுவரிசையில் இரண்டு கணக்கு கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

கண்டவுடன் செய்ய வேண்டியது, செட்டிங்கைப் பொய் என்று வெளிப்படையாக எழுதி டெப்ளாய் செய்வது. பிறகு, மாறியிருந்த அந்த இடைவேளையில் சேர்ந்த பதிவுகளை மட்டும் பதிவு எண்ணை வைத்துப் பிரித்து ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். மண்டலத்தோடு சேமிக்கும் முறைக்கு மாறுவது நல்லதுதான், அது உயர்வு முடிந்த பிறகு தனித் திட்டமாக.

'லோக்கலைஸ்' என்ற மெத்தட் இல்லை என்று பிழை வந்தால் அது வேறு. 4.0 முதல் ஜாங்கோ பைடிஇசட்டை விட்டு பைத்தானின் சோன்இன்ஃபோவுக்கு மாறிவிட்டது. அந்த மெத்தட்டைக் கூப்பிடும் இடங்களில் ஜாங்கோவின் 'மேக்-அவேர்' ஃபங்ஷனைப் போடுங்கள்.

## அப்லோட் ஆன படங்கள் காணவில்லை, பிழைச் செய்தியும் இல்லை

இந்தப் பட்டியலிலேயே என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான், ஏனென்றால் எதுவும் உடைந்தது போலத் தெரியாது. 5.1-க்கோ 5.2-க்கோ வந்திருக்கிறீர்கள். ஃபார்ம் வேலை செய்கிறது, அப்லோட் வெற்றி என்கிறது. இரண்டு நாள் கழித்து, புது டெப்ளாய் ஆனதும், அந்த இரண்டு நாளில் வந்த கோப்புகள் மட்டும் இல்லை.

கோப்புகள் எஸ்3 பக்கெட்டுக்குப் போக வேண்டும் என்று 'டிஃபால்ட் ஃபைல் ஸ்டோரேஜ்' செட்டிங்கில் எழுதியிருப்பீர்கள். 4.2-இல் அந்தச் செட்டிங்குக்கு எச்சரிக்கை வந்தது, 5.1-இல் அது நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட செட்டிங்கை ஜாங்கோ பிழை என்று சொல்லாது, படிக்காமல் விட்டுவிடும். அதனால் இயல்பு மதிப்பான உள்ளூர் டிஸ்க்குக்குக் கோப்புகள் போயின. டெப்ளாய் செய்யும்போது கன்டெய்னர் புதிதாகப் பிறந்தது, பழைய டிஸ்க்கோடு கோப்புகளும் போயின.

இதே கதை 'ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் ஸ்டோரேஜ்' செட்டிங்குக்கும். அங்கே விளைவு லேசானது: சிஎஸ்எஸ் கோப்பின் பெயரில் வரும் ஹாஷ் மறைந்து, பிரவுசர்கள் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும்.

சந்தேகம் வந்த உடனே டெப்ளாய் எதையும் ஓட்டாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கன்டெய்னரின் மீடியா ஃபோல்டரிலும் உள்ளவற்றை முதலில் பக்கெட்டுக்கு நகலெடுங்கள். கன்டெய்னர் போகும் முன் கவனித்தால் ஒரு கோப்பும் போகாது. பிறகு செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜஸ்' என்ற டிக்ஷனரியை எழுதுங்கள். அதில் 'டிஃபால்ட்', 'ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்' இரண்டு சாவியும் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது இயல்பு மதிப்புக்குப் போகாது, அமைப்பே இல்லை என்று பிழை வரும், ஏனென்றால் நீங்கள் எழுதும் டிக்ஷனரி ஜாங்கோவினுடையதை முழுதாக மாற்றிவிடுகிறது. கடைசியாக ஷெல்லில் இயல்பு ஸ்டோரேஜின் கிளாஸ் பெயரை அச்சிட்டுப் பாருங்கள், எஸ்3-க்கு உரியது வருகிறதா என்று.

'ஸ்டோரேஜஸ்' 4.2-இலேயே வந்துவிட்டது. 4.2-இல் நின்று இதை மாற்றி டெப்ளாய் செய்துவிட்டு ஏறுபவருக்கு இந்தக் கோளாறு வரவே வராது.

## டேட்டாபேஸ் இணைப்பே மறுக்கப்படுகிறது

போஸ்ட்கிரெஸ் பதிப்பு போதாது என்று செய்தி வந்தால் அது சொல்வதே காரணம். 4.2-க்கு போஸ்ட்கிரெஸ் 12, 5.1-க்கு 13, 5.2-க்கு 14 ஆகியவை குறைந்தபட்சம். 4.2-க்கு மைஎஸ்கியூஎல் 8 வேண்டும். டேட்டாபேஸ் உயர்வை ஜாங்கோ உயர்வுக்கு முன்பே தனியாக முடித்துவிடுங்கள்.

2.2-இல் பைத்தானை மட்டும் மாற்றியபோது, இணைப்பு யூடிசியில் இல்லை என்று ஒரு அசர்ஷன் பிழை வந்தால், போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைக்காப்பிஜி2 பேக்கேஜ் தானாக 2.9-க்கு ஏறியிருக்கும். 3.2-க்குப் போகும்வரை அதை 2.9-க்குக் கீழே கட்டிவையுங்கள்.

## ஒரு சில பக்கங்கள் மட்டும் உடைகின்றன, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடுகிறது

காரணம் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) தான். பழைய ஜாங்கோ பிக்கிள் செய்து (பைத்தான் பொருளைச் சேமிக்கும் வடிவமாக மாற்றி) வைத்த மாடல் பொருள்களை புது ஜாங்கோ திறக்கப் பார்க்கிறது. பதிப்புகளுக்கு இடையே இது பொருந்தும் என்ற உத்தரவாதம் கிடையாது. டெப்ளாய் முடிந்ததும் கேஷைக் காலி செய்யுங்கள், அல்லது பதிப்புக்கு ஒரு கேஷ் முன்னொட்டு வைத்துக்கொள்ளுங்கள். செஷனையும் அதே ரெடிஸில் வைத்திருந்தால் முழுதாகக் காலி செய்யாதீர்கள், எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். செஷனுக்குத் தனி கேஷ் அமைப்பு வைத்து, மற்றதற்கு மட்டும் முன்னொட்டை மாற்றுவதுதான் பாதுகாப்பு.

## பழைய பதிப்புக்கே திரும்ப வேண்டும்

2.2-இலிருந்து 3.2-க்குப் போய் மைக்ரேட் ஓட்டியிருந்தால், ஜாங்கோவின் ஆத் ஆப்பின் (பயனாளர் கணக்குகளுக்கானது) 0012 ஏறியிருக்கும். பயனாளரின் முதல் பெயர் நெடுவரிசையை 150 எழுத்தாக நீட்டும் மைக்ரேஷன் அது. நிரலை மட்டும் 2.2-க்குத் திருப்பினால் போதும், அந்த மைக்ரேஷனைப் பின்னே உருட்ட வேண்டியதில்லை. நெடுவரிசை நீளமாக இருப்பதால் பழைய நிரலுக்கு இடைஞ்சல் கிடையாது, தன்னிடம் இல்லாத மைக்ரேஷனின் பதிவை டேபிளில் கண்டாலும் ஜாங்கோ கண்டுகொள்ளாது. ஆனால் 3.2 புது வடிவத்தில் எழுதிய செஷன்களை 2.2 படிக்காது. மேலே சொன்ன ஷா1 வரியை முதல் டெப்ளாயிலேயே வைத்திருந்தால் இந்த இழப்பும் இல்லை.

உங்கள் சொந்த மைக்ரேஷன்கள் அப்படியல்ல. அதனால் பதிப்பு உயர்த்தும் டெப்ளாயில் உங்கள் ஆப்களின் மைக்ரேஷன் எதையும் சேர்க்காதீர்கள். உங்கள் யூசர் மாடல் ஜாங்கோவின் அப்ஸ்ட்ராக்ட் யூசரிலிருந்து பிறந்ததென்றால், அந்த 150 எழுத்து மாற்றம் உங்கள் ஆப்பின் மைக்ரேஷனாகவே உருவாகும். அது ஒன்று மட்டும் விதிவிலக்கு, அதைத் தயங்காமல் சேர்க்கலாம்.